பேர் வராத எண்

இன்று காலை கடையின் ஷட்டரை முழுசாகத் தூக்குவதற்குள் போன் அடித்தது. பேர் வராத எண். ஒரு கையில் ஷட்டர் கம்பி, இன்னொரு கையில் சாவிக்கொத்து. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எடுத்தேன். கடன் வேண்டுமா என்று ஒரு பெண் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அவள் முடிக்கும் வரை நின்று கேட்டுவிட்டு, "வேண்டாம்மா" என்று சொல்லி வைத்தேன். எதிரே மசாலாக் கடை வைத்திருக்கும் சேட்டன் பார்த்துக்கொண்டே இருந்தார். "செல்வி இதெல்லாம் எடுக்குமோ? எடுக்கக்கூடாதுன்னு எங்களுக்கு கிளாஸ் எடுத்தது நீயல்லே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே போய் விளக்கைப் போட்டதும் அழுகை வந்துவிட்டது. அழுது முடித்து முகம் கழுவி உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

"எடி, மலையாளத்துல எழுதியிருந்தா ஒரே மூச்சுல வாசிச்சிருப்பேனே" என்பாய். தெரியும். மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நீ. கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெதையும் தமிழில் வாசித்ததில்லை. ஆனால் எனக்கு மனசு நிறையும்போது கை தமிழுக்குத்தான் போகிறது. எழுத்துக் கூட்டி வாசி. அவசரம் ஒன்றும் இல்லை.

நான் தென்காசியிலிருந்து கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். விடிகாலையில் நீ வாசலில் நின்று "வெள்ளம் வந்து! வெள்ளம் வந்து!" என்று கத்தினாய். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் ஆறு பெருகி வீட்டுக்குள் வருவது. நான் பதறிப்போய் டிரங்குப் பெட்டியைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்து, புடவையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்திருந்தது. அவ்வளவுதான். நீ குடத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அன்றே நாம் கூட்டு. என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்று ஒருநாள் அக்கா போட்டுக் கூப்பிட்டேன். "அக்கான்னு விளிச்சா காதை அறுத்துருவேன்" என்றாய். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க எடி, போடி, வாடிதான்.

உனக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. இருட்டோடு போய் மதியம் திரும்புவாய். எனக்குக் கடைத்தெருவில் இந்த மொபைல் கடை. ரீசார்ஜ், ஸ்கிரீன் மாற்றுவது, கண்ணாடி ஒட்டுவது. என் கடையில் வாங்கிய பட்டன் போன்தான் உன்னிடம் கடைசி வரை இருந்தது. ஆனால் அந்தப் போனில் நீ யாருக்கும் போன் பண்ணியதே இல்லை. மிஸ்டு கால் கொடுப்பாய். ஒரே ஒரு பெல். உடனே கட். நான் திரும்ப அழைக்க வேண்டும். பேச்சு எல்லாம் சும்மா கிடைக்கிற காலம் வந்த பிறகும் நீ அதை விடவில்லை. ஏண்டி இப்படி என்று ஒருநாள் சண்டை போட்டேன்.

"நான் விளிக்கிற நேரம் நீ என்ன திரக்குல இருக்கியோ. பெல் அடிச்சுட்டே இருந்தா கையில உள்ள வேலைய போட்டுட்டு எடுப்ப. மிஸ்டு கால்னா, கை ஒழியறப்ப நீயே விளிப்ப. அதுதானே மரியாதை?" என்றாய்.

திரக்கு என்றால் நெரிசல், வேலை மும்முரம். உனக்கு மிஸ்டு கால் என்பது சுவரில் மெல்லத் தட்டுகிற மாதிரி. அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, அதுதான் உனக்கு எல்லாவற்றிலும் முதல். எனக்கு அது சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருந்தது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்தச் சமயத்தில்தான் நம் சந்தில் ஒரு டீச்சர் ஏமாந்தார். பேங்க்கிலிருந்து பேசுகிறோம் என்று யாரோ அழைத்து, நைசாகப் பேசி, எல்லாவற்றையும் கறந்துவிட்டார்கள். பென்ஷன் வாங்கும் மனுஷி. ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. எனக்கு வந்ததே கோபம்! சந்தில் உள்ள ஒவ்வொருவரையும் கடை வாசலில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். பேர் வந்தால் எடு. பேர் வராவிட்டால் எடுக்காதே. எத்தனை தடவை அடித்தாலும் எடுக்காதே. உனக்கு மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னேன்.

"எடுத்தேன்னு தெரிஞ்சா கையை முறிச்சுருவேன்."

"எடி, நீ எப்ப போலீஸ்ல சேர்ந்த?" என்றாய்.

உன் போனை வாங்கி நானே நாலு பேரைப் பதிந்து கொடுத்தேன். நான், வல்லார்பாடத்தில் கண்டெய்னர் வண்டி ஓட்டும் உன் மகன், உன் சூப்பர்வைசர். நாலாவதாக ஒன்று ஒன்று இரண்டு. அதற்கு மலையாளத்தில் "அவசரம்" என்று பேர் போட்டேன். ஆபத்து என்றால் இதை அமுக்கு, போலீஸோ ஆம்புலன்ஸோ வந்துவிடும் என்றேன். பெரிய காரியம் செய்துவிட்ட பெருமை எனக்கு. போன் கடைக்காரி அல்லவா!

பிறகு அந்தக் கர்க்கடக மாதத்து, எங்கள் ஊர் ஆடி மாதத்து, மதியம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நீ வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, படுத்திருக்கிறாய். நெஞ்சில் ஒரு பாரம். வாயு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்திருக்கிறாய். பாரம் இடது கைக்கு இறங்கி, வேர்த்துக் கொட்டத் தொடங்கியதும் போனை எடுத்திருக்கிறாய். அவசரத்தை அமுக்கியிருக்கிறாய். ஒரு பெல். கட்.

உயிர் போகிற நேரத்தில் நீ அவசர உதவிக்கும் மிஸ்டு கால் கொடுத்தாய்.

கொடுத்துவிட்டுக் காத்திருந்தாய். அவர்களும் திரும்ப அழைத்தார்கள். நீ போனைப் பார்த்தாய். பேர் இல்லை. நீளமாக ஏதோ ஒரு எண். கீழே வைத்துவிட்டாய். மறுபடியும் அடித்தது. மறுபடியும் பார்த்தாய். நான் என்ன சொல்லியிருந்தேன்? நீ எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அடித்து ஓய்ந்த பிறகு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாய்.

நான் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். தூசி விழுந்தால் கெட்டுவிடும். முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று இருந்தேன். மிஸ்டு கால்தானே, கை ஒழியட்டும். ஒழிந்த பிறகு அழைத்தேன்.

"எந்தாடி?"

"ஒண்ணுமில்ல. கை ஒழிஞ்சா ஒண்ணு வந்துட்டுப் போ."

உன் குரலில் ஒன்றுமில்லை என்பது இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடிவந்தேன். நீ தரையில் உட்கார்ந்து கட்டில் காலில் சாய்ந்திருந்தாய். ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. பேசாமல் என்னிடம் நீட்டினாய். பார்த்தேன். நீள எண். "சாவுற நேரத்துலயா லோன் விக்கிறானுங்க, சனியன் புடிச்சவனுங்க" என்று திட்டிக்கொண்டே சிவப்புப் பட்டனை அமுக்கினேன்.

என் விரலால்தான் அமுக்கினேன். அதை இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். என் விரலால்.

ஆட்டோவில் உன்னை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் "கடைய அடைச்சியா? பூட்டு போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. பிழைத்துக்கொண்டார், ஆனால் இருதயத்தில் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் சேதமாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. இருந்தாலும் அந்தக் "கொஞ்சம் முன்னால்" எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறேன். என் கையில் இருந்த உன் போன் மறுபடியும் அடித்தது. அதே நீள எண். எனக்கு எங்கிருந்தோ வெறி வந்தது. எடுத்து, "லோனும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், மனுஷி இங்க ஐசியூல கிடக்குறா!" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் கொஞ்சம் வயசான ஆண் குரல். பதற்றமே இல்லை. "சேச்சி, லோன் அல்ல. அவசர உதவி மையத்துல இருந்தாணு. மதியம் இந்த நம்பர்ல இருந்து ஒரு விளி வந்து கட் ஆயி. ஞங்கள் குறே தவணை விளிச்சு."

தவணை என்றால் தடவை. பல தடவை அழைத்தார்களாம். நான் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மனிதர் பொறுமையாகச் சொன்னார். நாம் அமுக்குகிற அழைப்பு பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதில்லையாம். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய அறைக்குப் போகிறது. யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் எடுக்கிறார்கள். கேட்டு, எழுதி, அந்தந்த ஜில்லாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறதோ அதற்குச் சொல்கிறார்கள். உன் அழைப்பு யாரும் எடுப்பதற்குள் அறுந்துவிட்டது. எண் மட்டும் மிஷினில் நின்றது. அறுந்துபோன எண்ணைத் திரும்ப அழைப்பது அவர்கள் வேலை. ஆனால் அந்த அழைப்பு ஆபீஸ் லைனில் போகும். அந்த லைனுக்கு வேறு எண்.

"நான் அவசரம்னு பேர் போட்டு வெச்சிருந்தேனே!" என்றேன், சின்னப் பிள்ளை மாதிரி.

"அந்தப் பேர் நீங்க விளிக்கும்போதே வரூ, சேச்சி. ஞங்கள் விளிக்கும்போது வரில்லா."

இத்தனை வருஷமாகப் போன் விற்கிறேன். எனக்கு அது தெரியவில்லை.

அப்புறமும் விடாமல் கேட்டேன். ஆள் வந்து பார்த்திருக்கலாமே, எண் இருக்கிறதே, இடம் தெரியாதா? டச் போனாக இருந்தால் பெரும்பாலும் நிற்கிற இடத்தையே அதுவாகச் சொல்லிவிடும் என்றார். பட்டன் போனில் எந்த டவரிலிருந்து வந்தது என்பது மட்டும்தான் தெரியும். டவரைச் சுற்றி ஒரு வட்டம் காட்டும். உன் வட்டத்தில் பாதி மட்டாஞ்சேரி, பாதி காயல், தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஐலண்டும் கொஞ்சம். ஒரு ஜீப்பைப் படகுத்துறைப் பக்கம் அனுப்பிச் சுற்றிப் பார்க்கவும் சொல்லியிருக்கிறார்கள். மழையில் யாரைக் கண்டுபிடிப்பது? பையில் கிடக்கும்போது தானாக அமுங்குகிற போன், பிள்ளைகள் விளையாடி அமுக்குவது, சும்மா எடுக்கிறார்களா என்று பார்க்கிறவர்கள் என்று ஒரு பெல்லில் அறுந்துபோவது அங்கே ஏராளம். "அதுல எது நெஞ்சு, எது பைன்னு எங்கனெ அறியும்? ஒரு வார்த்தை, ஒரு வீட்டுப் பேர் பறஞ்சிருந்தா மதி" என்றார். மதி என்றால் போதும். பிறகு உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்தார்.

உன்னிடம் நான் பொய் சொன்னேன். லைன் சரியாகக் கிடைக்கவில்லையாம், அவர்கள்தான் திரும்ப அழைத்தார்களாம் என்று பாதியை மட்டும் சொன்னேன். உனக்கு ஒரே சிரிப்பு. "எடி, அவ்வளவு பெரிய ஆபீஸ்காரன் என் மிஸ்டு காலுக்குத் திரும்பி விளிச்சானா? என் சொந்த மகனே விளிக்க மாட்டானே!" பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தாய். நீ சிரிக்கச் சிரிக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மாசம் தாங்கினேன். ஒருநாள் மதியம் உன் வீட்டில் உட்கார்ந்து சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தபோது, கண்ணீருக்கு ஒரு சாக்குக் கிடைத்த தைரியத்தில், சொல்லிவிட்டேன். சிவப்புப் பட்டன் வரைக்கும் சொன்னேன். நான் பாடம் எடுக்காமல் இருந்திருந்தால் நீ எடுத்திருப்பாய், நான் கட் பண்ணாமல் இருந்திருந்தால் வழியிலேயே ஆம்புலன்ஸ் வந்திருக்கும், உன் இருதயத்தில் பாதியை நான்தான் கொன்றேன் என்றேன்.

நீ உரித்த உள்ளியைக் கிண்ணத்தில் போட்டாய். இன்னொன்றை எடுத்துத் தோலை உரித்தாய்.

"இத்தனை வருஷத்துல நீ சொன்ன ஒண்ண நான் கேட்டிருக்கேனா?" என்றாய்.

"இல்ல."

"ஒரே ஒரு தவணை கேட்டேன் பாரு!"

சிரித்தாய் பார், சுவர் அதிர. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "சிரிக்காதேடி, டாக்டர் அதிரக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்று நான் கத்த, அதற்கும் சிரித்தாய். பிறகு என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்துவிட்டு, "நீதானே வந்த? வேற யாரு வந்தா?" என்றாய். அவ்வளவுதான் உன் தீர்ப்பு. அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. எனக்குத்தான் தீரவில்லை.

தீராததால் ஒத்திகை தொடங்கினேன். உனக்கு வேலை நின்றுபோய், மதியமெல்லாம் வீட்டில் இருந்தாய். நான் சாப்பிட வரும்போது கால் மணி நேரம். நான் திருவனந்தபுரத்துக்காரி, நீ நோயாளி. முதல் பாடம், கட் பண்ணாதே. பெல் அடிக்கட்டும், எடுக்கிற வரைக்கும் அடிக்கட்டும்.

"முழுசா அடிக்க விடணுமா? பாவம், அவங்க."

"அவங்க வேலையே அதுதாண்டி!"

இரண்டாவது, எடுத்ததும் இடத்தைச் சொல். லைன் எப்போது வேண்டுமானாலும் போகும், இடம் முதலில் போய்ச் சேரட்டும். "எவிடெயாணு?" என்று நான் கேட்டால் "மாவு மில்லு சந்து" என்பாய். அப்படி ஒன்று மேப்பில் இல்லையடி. மில் போய் எவ்வளவு காலமாகிறது! இப்போது அங்கே வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதி இருக்கிறது. மேப்பில் அந்தப் பேர்தான் வரும். "நான் பொறந்த சந்துக்கு நேத்து வந்த லாட்ஜோட பேரா?" என்று ஒரு வாரம் அடம் பிடித்தாய். கடைசியில் அந்த இங்கிலீஷ் பேரைக் கசப்பு மருந்து மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லப் பழகினாய்.

என்ன ஆபத்து என்று சொல்வதில் மட்டும் நீ எனக்கு டீச்சர். நான் "நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லு" என்றேன். "எடி தென்காசி, வலின்னு சொன்னா இங்க இழுப்புன்னு எடுத்துப்பாங்க. மூச்சிரைப்புக்குத்தான் வலிவுன்னு பேரு. நெஞ்சுவேதனைன்னு பறயணும்" என்றாய். வெள்ளத்துக்குப் பயந்து பெட்டியைத் தூக்கிய நாள் எனக்கு ஞாபகம் வந்தது. உனக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

மூன்றாவது, கதவைத் திறந்து வை. நாலாவது, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வை, அவர்கள் வைக்கச் சொல்லும் வரைக்கும் பேசிக்கொண்டே இரு. வாய் ஓய்ந்தாலும் கேட்டுக்கொண்டே இரு. "பேசறதுக்கா எனக்குச் சொல்லித் தர?" என்றாய். இதற்கெல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல் வேலையே வரவில்லை. நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. நீ மெல்லக் கடைத்தெருவரை நடந்து வருவாய், கடையில் உட்கார்ந்து வருகிற ஆட்களை வம்புக்கு இழுப்பாய். அந்த நாட்கள்தான் எனக்கு இனாமாகக் கிடைத்தவை.

போன சித்திரை வெயிலில், பகல் பன்னிரண்டு இருக்கும். என் போன் அடித்தது. பேர் இல்லை. எடுத்தேன். ஒரு ஆண் குரல். உன் வீட்டு இடத்தைச் சொல்லி, உன்னைத் தெரியுமா என்று கேட்டது. அவசர உதவி மையம். நீ இன்னொரு லைனில் பேசிக்கொண்டிருக்கிறாய், என் எண்ணை நீதான் கொடுத்தாய், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, பக்கத்தில் இருந்தால் ஓடுங்கள் என்றார்.

ஓடினேன். ஷட்டரைத் தொடக்கூட இல்லை. சந்து முனையில் ஒரு லாரி இஞ்சி மூட்டை இறக்கிக்கொண்டு வழியை அடைத்து நின்றது. மூட்டைகளுக்கு நடுவில் புகுந்து போகும்போதே மனசு சொன்னது, ஆம்புலன்ஸ் இதற்குள் வராது என்று. போகிற போக்கில் லாரிக்காரர்களைத் திட்டித் தீர்த்தேன். அவர்கள் மாற்றத்தான் செய்தார்கள். ஆனால் இந்தச் சந்தில் ஒரு லாரியை மாற்றுவது என்ன சாதாரணமா?

உன் கதவு திறந்து கிடந்தது. நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். போன் மடியில், ஸ்பீக்கரில். எல்லாம் சொன்னபடி. ஒரு சின்னப் பெண்ணின் குரல் அந்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தது. "சேச்சி... கேக்குன்னுண்டோ சேச்சி? எந்தெங்கிலும் ஒண்ணு பறயூ சேச்சி."

ஏதாவது பேசு என்று கெஞ்சுகிறாள். நான் வந்துவிட்டேன் என்று சொன்னேன். மூச்சு இருக்கிறதா பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். இல்லை. உன்னைத் தரையில் படுக்கவைக்கச் சொன்னாள். நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து அமுக்கச் சொன்னாள். அவள் எண்ணினாள், நான் அமுக்கினேன். ஒந்நு, ரெண்டு, மூந்நு, நாலு. நிறுத்தாதே, நிறுத்தாதே என்று சொல்லிக்கொண்டே எண்ணினாள். ஒரு சிவப்புப் பட்டனை அமுக்கிய விரல்களை வைத்து எவ்வளவு அமுக்க முடியுமோ அவ்வளவு அமுக்கினேன், எடி. கை மரத்துப்போன பிறகும் அமுக்கினேன். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் நடந்தே வந்து சேர்ந்தார்கள். என்னை விலக்கிவிட்டு அவர்கள் பார்த்தார்கள். மிஷின் வைத்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையை அசைத்தார்.

போன் தரையில் கிடந்தது. லைன் இன்னும் அறுந்திருக்கவில்லை. எடுத்துக் காதில் வைத்தேன்.

"அவங்க வந்தோ சேச்சி?"

"வந்தாங்க."

"சேச்சிக்கு...?"

நான் உன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. அழக் கூடாத வேலை போலிருக்கிறது, மூக்கை மட்டும் உறிஞ்சினாள். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் இவளுடைய வேலை முடிந்துவிடுமாம், அடுத்த அழைப்பை எடுக்க வேண்டுமாம். உன்னை விட்டுப் போக மனசு வரவில்லை, மேலதிகாரியிடம் கையைக் காட்டிவிட்டு லைனிலேயே இருந்தேன் என்றாள். வேதனையைப் பற்றி நீ அதிகம் சொல்லவில்லையாம். இடத்தைச் சொன்னாயாம், லாட்ஜ் பேர் உட்பட. என் எண்ணை ஒரு தப்பில்லாமல் சொன்னாயாம். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே அவளைக் கேட்டாயாம்.

"'மோள் சாயா குடிச்சோ'ன்னு சோதிச்சு சேச்சி. இல்லன்னு பறஞ்சேன். அப்போ, 'நீ போய்க் குடிச்சிட்டு வா மோளே, ஞான் இவிடெத்தன்னெ இருந்தோளாம்'னு பறஞ்சு. பின்னெ ஒண்ணும் பறஞ்சில்லா."

டீ குடித்தாயா மகளே என்று கேட்டு, நீ போய்க் குடித்துவிட்டு வா, நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றிருக்கிறாய். உயிர் போகிற நேரத்திலும் அடுத்தவளுக்குத் தொந்தரவாகிவிட்டோமே என்று.

அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. "அடுத்த விளி வருது. வெக்கட்டே சேச்சி?" என்றாள்.

"வெச்சுக்கோ மோளே. எடுத்துப் பேசிட்டு, போய் சாயா குடி. அவ சொன்னா கேக்கணும்" என்றேன்.

"குடிக்கிறேன் சேச்சி" என்றாள். லைன் போயிற்று.

அவள் பேர் எனக்குத் தெரியாது. எங்கே தேட, யாரிடம் கேட்க? அவளாக இருக்குமோ என்றுதான் பேர் வராத எண் எது அடித்தாலும் இப்போது எடுத்துவிடுகிறேன். உன் முகம் அவளுக்குத் தெரியாது. ஆனால் நான் கேட்காத உன் கடைசிப் பேச்சு அவளிடம் இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், எடி, எனக்கு அவள்மேல் பொறாமை. இத்தனை வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவள் நான். அந்த நிமிஷங்கள் எனக்கு வந்திருக்க வேண்டியவை. அடுத்த நொடியே அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. வண்டி நேரத்துக்கு வரவில்லை, நானும் வரவில்லை, அவள் குரல் மட்டும் வந்து உன்னோடு உட்கார்ந்திருந்தது. நீ தனியாகப் போகவில்லை என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் நம்புகிறேன்.